கொரியாக் வட்டாரத்தின் நான்கு மாவட்டங்கள்: எதை வைத்துக்கொள்வது, எதைக் கலைப்பது?

ரஷ்யாவின் கிழக்குக் கோடியில், கம்சாத்கா தீபகற்பத்தின் வடபாதியில், 2007 ஜூன் வரை கொரியாக் என்ற பூர்வகுடி மக்களின் பெயரில் கொரியாக் தன்னாட்சி வட்டாரம் இருந்தது. ஜூலை 1 அன்று தெற்கே இருந்த கம்சாத்கா மாகாணத்தோடு அதை இணைத்தார்கள். இரண்டும் சேர்ந்து கம்சாத்கா பிரதேசம் ஆயின. தனிச் சட்டமன்றம், தனி ஆளுநர், மாஸ்கோவோடு நேரடிப் பேச்சு எல்லாம் அன்றோடு முடிந்தன. ஆனால் வட்டாரத்துக்குள் இருந்த நான்கு மாவட்டங்கள் கலைக்கப்படவில்லை. மேற்குக் கரையில் திகீல்ஸ்கி, கிழக்குக் கரையில் கராகின்ஸ்கி, வடகிழக்கில் ஒல்யூதர்ஸ்கி, வடமேற்கில் பென்ஷின்ஸ்கி. கூடவே, தலைநகராக இருந்த பலானா என்ற சிற்றூர் தனி நகர உள்ளாட்சியாக நின்றது.

அந்த நான்கை என்ன செய்வது என்பது பழைய கதை அல்ல. 2025 மார்ச்சில் ரஷ்யாவில் புதிய உள்ளாட்சிச் சட்டம் வந்தது. கிராம மன்றங்களைக் கலைத்துவிட்டு எல்லாவற்றையும் மாவட்ட அளவிலேயே நடத்தும் ஒற்றை அடுக்கு முறையைத்தான் அது முன்னால் வைக்கிறது. ஒரு பிராந்தியம் வேண்டும் என்றால் பழைய இரண்டடுக்கை வைத்துக்கொள்ளவும் இடம் விட்டிருக்கிறது. அதாவது யாரோ ஒருவர் உட்கார்ந்து முடிவெடுத்தே ஆக வேண்டும். அந்த மேசையில் கொரியாக் மக்களின் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு என்னென்ன வழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் எங்கே ஏற்கெனவே நடந்து பார்க்கப்பட்டிருக்கிறது, நானாக இருந்தால் எதை எடுப்பேன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

கண்ணில் படும் வழிகள் நான்கு. இப்போது இருப்பதுபோல நான்கு மாவட்டங்களையும் வைத்துக்கொண்டு, மேலே 'சிறப்புத் தகுதி' கொண்ட கொரியாக் வட்டாரம் என்ற குடையைப் பிடிப்பது. நான்கையும் கலைத்து ஒரே பெரிய மாவட்டமாக்குவது. எல்லைகளை மக்களினம் பார்த்து மறுபடி வரைவது. இல்லையென்றால், இழந்த தன்னாட்சியையே திரும்பக் கேட்பது.

முதலில் நிலத்தையும் தலைக்கணக்கையும் பார்த்துவிடலாம், அது தெரியாமல் எதையும் எடைபோட முடியாது. வட்டாரத்தின் பரப்பு சுமார் 3 லட்சம் சதுர கிலோமீட்டர். இன்றைய கம்சாத்கா பிரதேசத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. மக்கள்தொகையோ 2002 கணக்கெடுப்பில் 25,157 பேர்தான். 2010இல் அது 18,759 ஆகக் குறைந்தது. 2002இல் அவர்களில் பாதிப் பேர் ரஷ்யர்கள், கால்வாசிக்குச் சற்று அதிகமானவர்கள் கொரியாக் மக்கள். மிச்சத்தில் சுக்சி, இதெல்மென், எவென் இனத்தவர்கள் முக்கியமானவர்கள். இணைப்புக்கு முன் இரண்டு பகுதிகளிலும் சேர்த்து இருந்த மொத்த மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் வட்டாரத்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர் அளவுதான்.

இந்தச் சராசரிக்குள் இன்னொரு உண்மை மறைந்திருக்கிறது, என் முடிவு முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது. மாவட்டத் தலைமையூர்களான ஒஸோராவிலும் திலிச்சிகியிலும் ரஷ்யர்களும் மற்ற குடியேறிகளும் நிறைய. கிராமங்களுக்குப் போனால் நிலைமை தலைகீழ். ஒல்யூதர்ஸ்கியின் அச்சாய்வாயாம் கலைமான் மேய்க்கும் சுக்சிகளின் ஊர். ஹாய்லினோ, திம்லாத், லெஸ்னயா போன்ற ஊர்களில் பூர்வகுடிகளே பெரும்பான்மை. திகீல்ஸ்கி கரையில் இருக்கும் கோவ்ரான் இதெல்மென் மக்களின் தாய்க்கிராமம் மாதிரி. செப்டம்பரில் அவர்களுடைய அல்ஹலலலாய் நன்றித் திருவிழா அங்கேதான் நடக்கிறது. ஆக, பிரதேச அளவில் இந்த மக்கள் கண்ணுக்கே தெரிய மாட்டார்கள், வட்டார அளவில் சிறுபான்மை, மாவட்டத்தில் கணிசமான பங்கு, கிராமத்தில் பெரும்பான்மை. அலகு சிறிதாகச் சிறிதாக அவர்கள் குரல் கூடுகிறது, கையில் இருக்கும் பணமும் அதிகாரமும் குறைகிறது. எந்த வழியை எடுத்தாலும் இந்த இழுபறியைத்தான் தீர்க்க வேண்டியிருக்கிறது.

தன்னாட்சியைத் திரும்பக் கேட்பது

மனசுக்கு மிகவும் பிடித்த வழி இதுதான், அதனால் இதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கொரியாக் தேசிய வட்டாரம் 1930 டிசம்பர் 10 ஆணையால் உருவானது. எவென்கியா, தைமிர், சுக்கோத்கா ஆகிய வடக்கு வட்டாரங்களும் அதே ஆணையில் பிறந்தவை. அந்தந்த மக்களின் பெயரில் அந்தந்த மண் என்பது அன்றைய அடிப்படை. 1990களில் இந்த வட்டாரங்கள் ரஷ்யக் கூட்டமைப்பின் சம உறுப்பினர்கள் ஆயின. கொரியாக் வட்டாரம் 1996இல் வாலென்தினா ப்ரோனெவிச்சை ஆளுநராகத் தேர்ந்தெடுத்தது. அவர் இதெல்மென் பெண்மணி. ரஷ்யாவில் வாக்கெடுப்பில் ஜெயித்து ஆளுநரான முதல் பெண்ணும் அவரே. 1998இல் இதெல்மென் கரையோரத்தை 'ட்ஹ்சானோம்' என்ற பெயரில் மரபுவழி வாழ்வுக்கான பாதுகாக்கப்பட்ட பகுதியாக அவருடைய நிர்வாகம் அறிவித்தது. தன்னாட்சி இருந்ததால்தான் அது சாத்தியமானது.

ஆனால் அவருக்குப் பின் வந்த நிர்வாகம் அதே கையெழுத்து அதிகாரத்தால் அதை ரத்து செய்தது. அப்புறம் 2004-05 குளிர்காலம். கப்பல் ஓடும் காலத்தில் எரிபொருளை ஊர்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கத் தவறியதால் கொதிகலன்கள் அணைந்தன. மக்கள் வெப்பமூட்டல் இல்லாத வீடுகளில் உட்கார்ந்திருந்தார்கள். 2005 மார்ச்சில் ஆளுநர் விளாதிமிர் லோகினோவை புதின் பதவிநீக்கம் செய்தார். அதே ஆண்டு அக்டோபர் 23 அன்று இணைப்புக்கான வாக்கெடுப்பு நடந்தது. இரண்டு பக்கமும் 80 விழுக்காட்டுக்கு மேல் 'சரி' என்று வாக்களித்தார்கள். அந்தக் குளிரைப் பட்டவர்கள் அப்படி வாக்களித்ததில் எனக்கு வியப்பில்லை. தன்னாட்சி என்ற பெயரை விடச் சூடான பள்ளிக்கூடம் முக்கியம் என்று ஒரு தாய் நினைத்தால் அவரை யார் குறை சொல்வது?

இணையாமல் நின்று காட்டியவர்களும் உண்டு. சுக்கோத்கா 1992இல் மகதான் மாகாணத்திலிருந்து பிரிந்தது. அடுத்த ஆண்டு அரசியலமைப்பு நீதிமன்றமும் அதை ஏற்றது. நெனெத்ஸ் வட்டாரத்தின் கதை இன்னும் சமீபத்தியது. 2020 மே மாதம் அதை அர்ஹான்கெல்ஸ்க் மாகாணத்தோடு இணைக்க இரண்டு பொறுப்பு ஆளுநர்களும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்துப் போட்டார்கள். மக்கள் கொதித்தார்கள். ஜூலை 1 வரை நடந்த அரசியலமைப்புத் திருத்த வாக்கெடுப்பில் ரஷ்யாவிலேயே 'வேண்டாம்' என்று பெரும்பான்மையாகச் சொன்ன ஒரே பகுதி நெனெத்ஸ்தான், 55 விழுக்காடு. இணைப்புத் திட்டம் கைவிடப்பட்டது.

இதைப் படித்துவிட்டு கொரியாக் மக்களும் அப்படி நின்றிருக்கலாமே என்று தோன்றும். நெனெத்ஸ் மண்ணுக்கு அடியில் எண்ணெய் இருக்கிறது, சுமார் 44,000 பேருக்கு அந்த வருமானம் தாராளம். கொரியாக் வட்டாரத்தில் சால்மன், ஹெர்ரிங், பொல்லாக் மீன்களும், பிளாட்டினமும் தங்கமும் உண்டு. ஆனால் மீன் ஒதுக்கீடும் நிலத்தடிக் கனிமமும் பெரும்பாலும் மத்திய அரசின் கையில். எண்ணெய் வட்டாரங்களுக்கு வாய்த்த மாதிரி ஒரு நிரந்தர வருமானம் இங்கே சேரவில்லை. அதோடு, 2005க்குப் பிறகு நடந்த இணைப்பு எதுவும் திரும்பப் பெறப்பட்டதில்லை. ஆகவே நியாயமான கோரிக்கை என்றாலும், இன்று மேசையில் வைத்துப் பேரம் பேசக்கூடிய கோரிக்கையாக இதை நான் பார்க்கவில்லை. இதற்காகக் காத்திருந்து மற்ற மூன்றில் எதையும் கேட்காமல் விடுவதுதான் பெரிய நஷ்டம்.

ஒரே பெரிய மாவட்டம்: எவென்கியாவும் தைமிரும் போன வழி

2007 ஜனவரி 1 அன்று எவென்க் தன்னாட்சி வட்டாரமும் தைமிர் (தொல்கான்-நெனெத்ஸ்) தன்னாட்சி வட்டாரமும் க்ராஸ்னயார்ஸ்க் பிரதேசத்தில் கரைந்தன. 2005 ஏப்ரல் 17 வாக்கெடுப்பின் விளைவு அது. இங்கே கம்சாத்காவுக்கு நேர் எதிரான முடிவை எடுத்தார்கள். எவென்கியாவின் உள்ளே மூன்று மாவட்டங்கள் இருந்தன: பொத்காமென்னயா துங்குஸ்கா ஆற்றங்கரையில் பைகித்ஸ்கி, வடக்கே துராவைத் தலைமையாகக் கொண்ட இலிம்பீஸ்கி, தென்கிழக்கே வனவரா ஊரைத் தலைமையாகக் கொண்ட துங்குஸ்கோ-சுன்ஸ்கி. 1908இல் விண்கல் வெடித்துக் காட்டைச் சாய்த்ததாகச் சொல்வார்களே, அந்த இடத்துக்குப் பக்கத்து ஊர்தான் வனவரா. மூன்றையும் கலைத்து, துருக்கி நாட்டைவிடக் கொஞ்சம்தான் சிறியதான நிலத்தை ஒரே மாவட்டமாக்கினார்கள். தைமிரிலும் திக்சன், உஸ்த்-யெனிசேய்ஸ்கி, ஹதங்கா மாவட்டங்கள் மறைந்து, துதின்காவைத் தலைமையாகக் கொண்ட ஒற்றை மாவட்டம் வந்தது.

இந்த வழியில் நல்லது இல்லாமல் இல்லை. பழைய வெளி எல்லை அப்படியே நிலைக்கிறது. பெயரும் நிலைக்கிறது. அதைவிட முக்கியம், அந்த எல்லைக்குள் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு சபை, ஒரு தலைவர், சட்டப்படி சொந்தமான ஒரு கஜானா இருக்கின்றன. கம்சாத்காவின் கொரியாக் வட்டாரத்துக்கு இந்த மூன்றும் கிடையாது. க்ராஸ்னயார்ஸ்க் சட்டமன்றத்தின் 52 இடங்களில் எவென்கியாவுக்கு இரண்டு, தைமிருக்கு இரண்டு என்று தனித் தொகுதிகளையும் ஒதுக்கினார்கள். எவென்கியாவின் மக்கள்தொகை சுமார் 16,000. பிரதேசம் முழுவதற்கும் சராசரியாகப் பார்த்தால் 50,000க்கும் மேற்பட்டவர்களுக்கு ஓர் இடம். அந்தக் கணக்கில் எவென்கியாவுக்கு ஓர் இடம்கூட வராது. இணைப்பு ஒப்பந்தத்தில் கேட்டு வாங்கிய இந்த இரண்டு இடங்களை நான் மிகப் பெரிய ஆதாயமாகக் கருதுகிறேன்.

அந்தப் பலம் தேவைப்பட்ட நேரமும் வந்தது. இணைப்புக்குப் பிறகு நிஷ்னயா துங்குஸ்கா ஆற்றில் மாபெரும் நீர்மின் அணை ஒன்றைக் கட்டும் பழைய சோவியத் யோசனை மறுபடி எழுந்தது. கட்டியிருந்தால் தலைமையூர் துராவே நீரில் மூழ்கியிருக்கும், கலைமான் மேய்ச்சலும் வேட்டைக் காடும் கூடவே போயிருக்கும். பூர்வகுடி அமைப்புகள் எதிர்த்தன, திட்டம் கிடப்பில் போடப்பட்டது. எதிர்ப்பு மட்டுமே அதை நிறுத்தியது என்று சொல்ல மாட்டேன், செலவும் ஒரு காரணம். ஆனால் துராவில் ஒரு சபை இருந்தது. எதிர்க்கிறவர்களுக்குப் போய் நிற்க ஓர் இடம் இருந்தது.

தைமிரிலும் அதே மாதிரிப் பார்க்கலாம். 2020 மே 29 அன்று நரீல்ஸ்க் அனல்மின் நிலையத் தொட்டி உடைந்து சுமார் 20,000 டன் டீசல் கொட்டியது. அம்பர்னயா ஆறு சிவந்தது. நரீல்ஸ்க் நகரம் தைமிரின் நடுவே இருந்தாலும் நிர்வாகத்தில் தைமிருக்குச் சொந்தமானதல்ல, நேரடியாக க்ராஸ்னயார்ஸ்கின் கீழ் வருகிறது. ஆற்று நீர் இந்த எல்லைக்கோட்டைப் பார்த்து ஓடுவதில்லை. மீன் இழந்தது தைமிர் மக்கள். கோடு வரைகிறவர்கள் வருமானம் தரும் சுரங்கத்தை வெளியே எடுத்துவிட்டு, அதன் கழிவு ஓடும் சமவெளியை மட்டும் 'தன்னாட்சி' என்று கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. தன்னாட்சி இருந்த காலத்திலும் இந்தக் குறை இருந்தது, இணைப்பு அதைச் சரிசெய்யவும் இல்லை.

இப்போது கெட்ட பக்கம். வனவராவிலிருந்து துராவுக்குச் சாலை கிடையாது. பனிக்காலத் தடம், மற்றபடி விமானம். மாவட்டத் தலைமையூர் என்ற தகுதி போனால் அந்த ஊரில் இருந்த அலுவலகம், அதில் வேலை பார்த்தவர்கள், அவர்களை நம்பியிருந்த கடை என்று ஒவ்வொன்றாகத் தேய்கிறது. ஹதங்காவுக்கு அப்பால் இருக்கும் தொல்கான் ஊரிலிருந்து துதின்கா எவ்வளவு தொலைவு என்று வரைபடத்தில் பார்த்தாலே மலைப்பாக இருக்கும். இன்னொன்று, ஒரே மாவட்டத்துக்குள் இருக்கும் சின்னஞ்சிறு இனங்கள் இன்னும் சின்னதாகிவிடுகின்றன. உலகிலேயே ஆயிரத்துக்கும் குறைவாக இருக்கும் ங்கனசான் மக்கள் உஸ்த்-ஆவாம், வலச்சான்கா, நோவயா ஆகிய மூன்று ஊர்களில்தான் கூட்டாக வாழ்கிறார்கள். 34,000 பேர் கொண்ட மாவட்டத்தில், துதின்காவின் வாக்கு எண்ணிக்கைக்கு முன் அவர்கள் கணக்கில் வர மாட்டார்கள்.

இதைக் கொரியாக் நிலத்தில் பொருத்திப் பார்த்தால் என் தயக்கம் அதிகமாகிறது. எவென்கியாவில் குறைந்தபட்சம் ஆறுகள் ஊர்களை இணைக்கின்றன. கொரியாக் வட்டாரத்திலோ நடுவே மலைத்தொடர். அதற்கு மேற்கே திகீல்ஸ்கி அஹோத்ஸ்க் கடலைப் பார்க்கிறது, கிழக்கே கராகின்ஸ்கி பெரிங் கடலைப் பார்க்கிறது. பென்ஷின்ஸ்கி தீபகற்பத்தையும் தாண்டிப் பெருநிலத்தில், பென்ஷினா வளைகுடாவின் தலைமாட்டில் இருக்கிறது. (அந்த வளைகுடாவில் ஓதம் 13 மீட்டர் வரை உயரும், பசிபிக் முழுவதிலும் அதுதான் உச்சம்.) மீனவக் கரையும், கலைமான் மேய்ச்சல் துந்திராவும், தங்கச் சுரங்கம் திறந்திருக்கும் வடமேற்கும் ஒரே சபையில் உட்கார்ந்தால் யாருடைய அவசரம் முதலில் கேட்கப்படும்? மக்கள் அதிகம் இருக்கும் ஊருடையதுதான்.

நான்கையும் அப்படியே வைத்துக்கொள்வது

கம்சாத்கா எடுத்தது இந்த முடிவு. இதே மாதிரியைத்தான் முதலில் இணைந்த கோமி-பெர்மியாக் வட்டாரமும் பின்பற்றியது, 2005 டிசம்பர் 1 அன்று. குதிம்கார் நகரமும் ஆறு மாவட்டங்களும் அங்கே தொடர்ந்தன. மேலே பெர்ம் பிரதேச அரசில் வட்டார விவகாரங்களுக்கு ஓர் அமைச்சகம் வைத்தார்கள். உஸ்த்-ஓர்தா புரியாத் வட்டாரம் 2008 ஜனவரியில் இர்கூத்ஸ்கோடு சேர்ந்தபோது அதன் ஆறு மாவட்டங்களும், அகீன் புரியாத் வட்டாரம் அதே ஆண்டு மார்ச்சில் சீத்தாவோடு சேர்ந்தபோது அதன் மூன்று மாவட்டங்களும் நிலைத்தன.

கோமி-பெர்மியாக் உதாரணத்தை அப்படியே கொரியாக் மண்ணுக்குக் கொண்டுவரக் கூடாது. அங்கே 2002இல் 1,36,000 பேர். அவர்களில் 59 விழுக்காடு கோமி-பெர்மியாக் மக்கள். யுர்லின்ஸ்கி போன்ற சிலவற்றைத் தவிர்த்தால் மற்ற மாவட்டங்களில் பெரும்பான்மை அவர்களுடையதுதான். மாவட்டத்தைக் காப்பாற்றினாலே மக்களின் குரலும் காப்பாற்றப்படுகிறது. கொரியாக் மாவட்டங்களில் அப்படிச் சொல்ல முடியாது. அங்கே குரல் கிராம மன்றத்தில்தான் இருக்கிறது.

இந்த வழியின் பலவீனம் மேலே இருக்கும் குடை. கொரியாக் வட்டாரம் என்பது இன்று சட்டத்தில் 'சிறப்புத் தகுதி கொண்ட நிர்வாகப் பகுதி'. பலானாவில் அதற்கென நிர்வாகம் உண்டு. ஆனால் அது பிரதேச அரசின் ஒரு கிளை. அதன் தலைவரை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. வட்டாரம் முழுவதற்கும் ஒரு தேர்தல் சபை இல்லை. சிறப்புத் தகுதி என்ற சொல்லுக்கு உள்ளே என்ன இருக்கும் என்பதைப் பிரதேசத் தலைநகரான பெத்ரபாவ்லவ்ஸ்க்தான் தீர்மானிக்கிறது. குடை இருக்கிறது, ஆனால் பிடி வேறு ஒருவர் கையில். நான்கு மாவட்டங்களும் தனித்தனியே சில ஆயிரம் பேர் கொண்டவை. கடற்கரைக்கு ஒரு பெரிய மீன்பிடி நிறுவனம் வந்து நிற்கும்போது கராகின்ஸ்கி மாவட்டச் சபை தனியாகப் பேசி என்ன வாங்கிவிட முடியும்?

பலம் என்னவென்றால் அருகாமை. 2006 ஏப்ரலில் ஒல்யூதர்ஸ்கியில் 7.6 அளவுள்ள நிலநடுக்கம் வந்தது. கோர்ஃப், திலிச்சிகி, ஹாய்லினோ ஊர்கள் கடுமையாகச் சேதமடைந்தன. கோர்ஃப் மக்கள் ஊரை விட்டே வேறிடம் போக வேண்டியதாயிற்று. இப்படிப்பட்ட நேரத்தில் யார் எங்கே குடியேறுவது, எந்தப் பள்ளியை எங்கே கட்டுவது என்பதை மலைக்கு அப்பால் இருந்து முடிவெடுப்பதற்கும், பாதிக்கப்பட்ட ஊரிலேயே இருக்கும் மாவட்ட அலுவலகம் முடிவெடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை.

இதற்கு எதிர்ப்பக்க அனுபவமும் அந்த மக்களிடம் நிறையவே இருக்கிறது. சோவியத் காலத்தில் 'எதிர்காலம் இல்லாத ஊர்கள்' என்று முத்திரை குத்திக் கிராமங்களை மூடினார்கள். மேற்குக் கரையில் உத்ஹோலக் போன்ற இதெல்மென் ஊர்களும் கிழக்கே அனப்காவும் அப்படித்தான் மறைந்தன. மக்களைத் தூரத்துப் பெரிய ஊர்களில் கொண்டுபோய் வைத்தார்கள். ஊரோடு ஆறும், ஆற்றோடு மீன்பிடித் துறையும், அங்கே பேசிய வட்டார மொழிவழக்கும் போயின. அந்த முடிவுகள் எதிலும் அந்த ஊருக்கு வாக்கு இல்லை. ஒற்றை அடுக்கு முறையை இன்று யாராவது 'நிர்வாகச் செலவு குறையும்' என்று விற்க வந்தால் அனப்காவைத்தான் நினைவூட்ட வேண்டும். அல்தாய் குடியரசில் 2025 ஜூன் மாதம் மக்கள் சூய் நெடுஞ்சாலையை மறித்து நின்றதற்கும் இதே கிராம மன்றங்களைக் கலைக்கும் முயற்சி ஒரு முக்கியக் காரணம்.

எல்லையை மறுபடி வரைவது

யாக்கூத்தியா என்றும் அழைக்கப்படும் சகா குடியரசில் இது நடந்திருக்கிறது. வெர்ஹயான்ஸ்க் மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டிருந்த மலைப்பகுதி ஒன்றை 1989இல் பிரித்து எவென்-பித்தந்தாய் தேசிய மாவட்டம் என்று அறிவித்தார்கள். மூவாயிரம் பேரைக்கூடத் தொடாத மாவட்டம் அது. எவென் மக்களின் கலைமான் வளர்ப்பை மையமாக வைத்தே அதை அமைத்தார்கள். ஒலெனியோக் மாவட்டத்துக்கும் எவென்க் தேசிய மாவட்டம் என்ற தகுதி வந்தது. ஒரு பெரிய குடியரசின் உள்ளே, சின்ன இனத்துக்குச் சின்ன மாவட்டம். யோசனை அழகானது, வேலையும் செய்கிறது.

ஆனால் சகாவுக்குப் பின்னால் வைரச் சுரங்க வருமானமும், யாக்கூத்தியர்கள் என்ற சைபீரியாவின் பெரிய பூர்வகுடி இனமும் இருக்கின்றன. மூவாயிரம் பேருக்கு ஒரு மாவட்டத்தை நடத்தும் செலவைத் தாங்க அங்கே மனமும் பணமும் உண்டு. கம்சாத்காவில் இரண்டாவது நிச்சயமாகக் குறைவு.

கொரியாக் மக்கள் ஒரே மாதிரி வாழ்பவர்களும் அல்லர். துந்திராவில் கலைமான்களோடு நகரும் சாவ்சுவென்களும், கரையோரம் நிலையாக வாழ்ந்து மீனும் கடல் விலங்குகளும் பிடிக்கும் நிமிலான்களும் அடுத்தடுத்த ஊர்களில், சில இடங்களில் ஒரே ஊரில் கலந்திருக்கிறார்கள். எவென் மக்கள் பென்ஷின்ஸ்கியின் ஆயான்கா பக்கம் இருக்கிறார்கள், சுக்சிகள் அச்சாய்வாயாமில். இன்ன இனம் இன்ன மாவட்டம் என்று கோடு போட்டால் ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு பக்கமும் ஒரே குடும்பத்து ஆட்கள் நிற்பார்கள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன்: கோவ்ரானும் அதைச் சுற்றிய இதெல்மென் கரையும். அதற்கும் தனி மாவட்டம் தேவையில்லை. ட்ஹ்சானோம் மாதிரியான பாதுகாக்கப்பட்ட பகுதி போதும். இந்தமுறை ஓர் ஆளுநரின் ஆணையாக அல்லாமல் பிரதேசச் சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டமாக அது இருக்க வேண்டும். ஒரு கையெழுத்தில் வந்தது இன்னொரு கையெழுத்தில் போனதை அந்த மக்கள் ஒருமுறை பார்த்துவிட்டார்கள்.

நான் எடுக்கும் முடிவு

நான்கு மாவட்டங்களையும் வைத்துக்கொள்வேன். அதிலும் கிராம மன்றங்கள் கலையாத இரண்டடுக்கு முறையில். பேரத்தில் ஒன்றைத்தான் விட்டுக்கொடுக்க முடியும் என்று வந்தால் மாவட்டத்தின் ஏதாவது ஒரு அதிகாரத்தை விட்டுக்கொடுப்பேனே தவிர, அச்சாய்வாயாமின் மன்றத்தை விட மாட்டேன். மேலே சொன்ன தலைக்கணக்கின்படி பூர்வகுடிகள் உறுதியாகப் பெரும்பான்மையாக இருக்கும் ஒரே படி அதுதான்.

எவென்கியாவிடமிருந்து ஒன்றைக் கடன் வாங்குவேன்: பிரதேசச் சட்டமன்றத்தில் கொரியாக் வட்டாரத்துக்கென்று நிரந்தரமாக ஒதுக்கிய தொகுதிகள், மக்கள்தொகை எவ்வளவு சரிந்தாலும் குறையாதவை. எட்டு ஆண்டுகளில் நாலில் ஒரு பங்கு மக்களை இழந்த நிலத்துக்கு இது இல்லாமல் முடியாது. எண்ணிக்கைப்படி பிரித்தால் ஒவ்வொரு கணக்கெடுப்பும் அவர்கள் குரலில் கொஞ்சம் வெட்டிக்கொண்டே போகும்.

அப்புறம் அந்தக் குடை. பலானாவில் இருக்கும் நியமன நிர்வாகத்துக்குப் பக்கத்தில், நான்கு மாவட்டச் சபைகளும் தலா சில உறுப்பினர்களை அனுப்பி அமைக்கும் ஒரு கூட்டுச் சபை வேண்டும். மீன்பிடி இடங்களை நீண்டகாலக் குத்தகைக்கு விடும்போதும், புதிய சுரங்கத்துக்கு அனுமதி தரும்போதும் அந்தச் சபையின் கருத்தைக் கேட்டே ஆக வேண்டும் என்று பிரதேசச் சட்டத்தில் எழுத வேண்டும். உரிமங்களைத் தடுக்கும் அதிகாரம் அதற்குக் கிடைக்காது. அது மத்திய அரசின் கையில் இருக்கிறது, எந்த மாவட்ட வடிவமும் அதை மாற்றப் போவதில்லை. ஆனால் ஹாய்லினோவும் கோவ்ரானும் தனித்தனியே கடிதம் எழுதுவதற்கும், நான்கு மாவட்டங்களும் ஒரே தீர்மானத்தை அனுப்புவதற்கும் எடை வேறு. ஒற்றை மாவட்டத்தால் கிடைக்கும் ஆதாயத்தில் முக்கால்வாசி, மாவட்டங்களைக் கலைக்காமலேயே இதில் கிடைத்துவிடும்.

இதில் மிச்சம் நிற்பது பலானா. அது திகீல்ஸ்கி மாவட்டத்தின் நிலத்துக்குள் இருக்கிறது, ஆனால் அந்த மாவட்டத்தைச் சேர்ந்ததல்ல. செலவு குறைக்க அதைத் திகீல்ஸ்கியோடு சேர்த்துவிடலாம் என்ற எண்ணம் யாருக்கும் எளிதில் வரும், மேலோட்டமாக நியாயமும்கூட. நான் சேர்க்க மாட்டேன். சேர்த்தால் திகீல் ஊர் தலைமைத் தகுதியை இழக்கும், மேற்குக் கரையின் மற்ற ஊர்கள் எல்லாம் பலானாவின் நிழலுக்குள் போகும். பலானாவும் நான்கு மாவட்டங்களுக்கும் பொதுவான ஊர் என்ற நிலையிலிருந்து ஒரே மாவட்டத்தின் தலைமையூராக இறங்கும். கூட்டுச் சபை உட்கார யாருக்கும் சொந்தமில்லாத ஓர் ஊர் வேண்டும். ஒஸோராவிலோ திலிச்சிகியிலோ வைத்தால் மற்ற மூன்றும் முதல் கூட்டத்துக்கே முணுமுணுக்கும். ஆகையால் பலானா தனி உள்ளாட்சியாகவே இருக்கட்டும், அதன் செலவில் ஒரு பங்கைப் பிரதேசம் ஏற்கட்டும் என்பதை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்வேன்.